வீட்டில் ஆரும் இல்லை

திருநெல்வேலிச் சீமையில் ஒரு வழக்கம் உண்டு. இந்தச் சீமையில் மட்டும் என்ன, தமிழ்நாடு முழுவதிலுமே உண்டு. பட்டப்பகலில் ஒரு வீட்டு வாசலில் நின்று, "ஐயா இருக்காகளா?" என்று குரல் கொடுத்தால், உள்ளேயிருந்து ஒரு பெண் குரல், "வீட்ல ஆரும் இல்லியே!" என்று பதில் சொல்லும். பதில் சொன்னவள் வீட்டில்தான் இருக்கிறாள். அவளுடைய மாமியார் அடுக்களையில் இருக்கிறாள். முற்றத்தில் இரண்டு பெண் குழந்தைகள் பாண்டி ஆடிக்கொண்டிருக்கின்றன. ஆனாலும் வீட்டில் ஆரும் இல்லை. தென்காசி ரத வீதிகளில் இந்தப் பதிலை இன்றைக்கும் கேட்கலாம். கேட்டவரும் அதை நியாயமான பதிலாக ஏற்றுக்கொண்டு, "சரிம்மா, பொறவு வாரேன்" என்று போய்விடுவார். அவள் பொய் சொன்னதாக அவருக்கும் தோன்றாது, அவளுக்கும் தோன்றாது.

யார் 'ஆள்', யார் ஆளில்லை என்பதுதான் விஷயம். நான் சரித்திரப் பேராசிரியன் அல்ல. கதை எழுதிப் பிழைக்கிறவன். ஆனால் மேல் நாடுகளில் பெண்ணுரிமை இயக்கம் பிறந்து வளர்ந்த வரலாற்றைப் படிக்கப் படிக்க, இந்த ஒரு சொல்லுக்காக நூற்றைம்பது வருஷம் நடந்த வழக்கு அது என்றே எனக்குத் தோன்றுகிறது. அந்த வழக்கின் ஒரு பகுதி சென்னையிலும் நடந்தது. அதே காலத்தில், தென்காசிக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலும் அதன் சூடு தெரிந்தது. ஆகவே அந்தக் கதையை முதலிலிருந்து சொல்லிப் பார்க்கிறேன்.

இங்கிலாந்திலிருந்து தொடங்கலாம். பிளாக்ஸ்டன் என்ற சட்ட நிபுணர் 1765-இல் வெளியிடத் தொடங்கிய பெரிய நூலில், அந்த நாட்டுச் சட்டத்தில் மனைவியின் நிலை என்ன என்பதைத் தெளிவாக எழுதிவைத்தார். கல்யாணம் ஆனதும் கணவனும் மனைவியும் சட்டத்தின் கண்ணுக்கு ஒரே ஆள். அந்த ஒரே ஆள் யார் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. மனைவி தன் பெயரில் சொத்து வைத்துக்கொள்ள முடியாது. ஒப்பந்தம் செய்ய முடியாது. அவள் பாடுபட்டுச் சம்பாதித்த கூலியும் அவனைச் சேரும். அவள் பெற்ற பிள்ளைகள் மேல் அவனுக்குத்தான் அதிகாரம்.

இது சட்டப் புத்தகத்தில் தூங்கிய விஷயம் அல்ல. கரோலின் நார்ட்டன் என்ற எழுத்தாளர் 1836-இல் கணவனைப் பிரிந்தார். மூன்று பையன்களையும் கணவன் தன்னிடமே வைத்துக்கொண்டான். சட்டம் அவன் பக்கம் இருந்தது. அந்த அம்மாள் கதையும் கவிதையும் எழுதிச் சம்பாதித்த பணத்தையும் அவன் உரிமையோடு கேட்டான். அப்போதும் சட்டம் அவன் பக்கமே இருந்தது. எழுதிப் பிழைக்கிறவனாகையால் இந்த இடத்தை என்னால் சுலபமாகத் தாண்ட முடியவில்லை. ராத்திரி கண் விழித்து எழுதினவள் ஒருத்தி. எழுத்துக்குச் சொந்தக்காரன் வேறொருவன்! கரோலின் நார்ட்டன் அழுதுகொண்டு மூலையில் உட்காரவில்லை. துண்டுப் பிரசுரங்களாக எழுதித் தள்ளினார். ஏழு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளைத் தன் பொறுப்பில் வைத்துக்கொள்ளத் தாய் கோர்ட்டில் மனுச் செய்யலாம் என்று 1839-இல் ஒரு சட்டம் வந்ததென்றால், அதற்கு அவருடைய பேனாவும் ஒரு காரணம். மனைவியின் கூலி மனைவிக்கே என்று சொல்ல 1870 வரையிலும், அவளுடைய சொத்து முழுவதும் அவளுக்கே என்று சொல்ல 1882 வரையிலும் அந்த நாடு எடுத்துக்கொண்டது.

இதற்கு நடுவில், உலகத்தைக் குலுக்கிய இரண்டு சாசனங்கள் பிறந்துவிட்டன. 1776-இல் அமெரிக்கா சுதந்திரப் பிரகடனம் செய்தது. 1789-இல் பிரெஞ்சுக்காரர்கள் மனித உரிமைப் பிரகடனம் செய்தார்கள். இரண்டிலும் எல்லா மனிதரும் சமம் என்று இருந்தது. மனிதர் என்பதற்கு அவர்கள் எழுதிய சொல்லுக்கு ஆண்பிள்ளை என்றும் ஒரு பொருள் உண்டு. எழுதினவர்கள் எந்தப் பொருளில் எழுதினார்கள் என்பது, பெண்கள் உள்ளே நுழையப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

முதலில் நுழையப் பார்த்தவர்களில் ஒருத்தி ஒலாம்ப் தெ கூழ். தெற்கு பிரான்சிலே மொந்தோபான் என்ற ஊரில் பிறந்து, பாரிசுக்கு வந்து நாடகம் எழுதிக்கொண்டிருந்தவள். 1791-இல் அவள் ஒரு காரியம் செய்தாள். ஆண்கள் எழுதிய பிரகடனத்தை அப்படியே எடுத்து வைத்துக்கொண்டாள். அதில் 17 பிரிவுகள். இவளும் 17 பிரிவுகள் எழுதினாள். மனிதன் என்று இருந்த இடத்தில் பெண்ணையும் சேர்த்தாள். தூக்குமேடை ஏறப் பெண்ணுக்கு உரிமை இருக்கிறதென்றால் பேச்சுமேடை ஏறவும் இருக்க வேண்டும் என்பது அவளுடைய வாதம். புரட்சி சர்க்கார் முதல் உரிமையை அவளுக்குத் தாராளமாகவே வழங்கியது. அவளுடைய அரசியல் எழுத்துக்களுக்காக 1793 நவம்பர் 3-ஆம் தேதி அவளுடைய தலையை வெட்டினார்கள்.

அடுத்த வருஷமே, 1792-இல், இங்கிலாந்தில் மேரி உல்ஸ்டன்கிராஃப்ட் பெண்களின் உரிமைக்காக வாதாடி ஒரு புத்தகம் வெளியிட்டார். பெண்ணுக்கும் பகுத்தறிவு உண்டு, அதை வளர்க்கக் கல்வி கொடுக்காமல் அவளை அலங்காரப் பதுமையாக வைத்துவிட்டு, 'பார், அவளுக்கு அறிவில்லை' என்று சொல்வது என்ன நியாயம் என்பதே அதன் சாரம். 1797-இல் பிரசவம் ஆன சில நாட்களில் அவர் இறந்துபோனார். எத்தனை சாசனம் எழுதினாலும் அக்காலத்துப் பெண்ணின் ஆயுள் பிரசவ அறையில் நிச்சயிக்கப்பட்டது. அந்தப் பிரசவத்தில் பிறந்த பெண்தான் பிற்காலத்தில் 'ஃபிராங்கன்ஸ்டைன்' என்ற நாவலை எழுதிய மேரி ஷெல்லி.

இவை தனிக் குரல்கள். இயக்கம் என்று சொல்லத்தக்கது அமெரிக்காவில் பிறந்தது. அதுவும் அடிமை ஒழிப்பு வேலையிலிருந்து பிறந்தது. 1840-இல் லண்டனில் உலக அடிமை ஒழிப்பு மகாநாடு கூடிற்று. அமெரிக்காவிலிருந்து வந்த பிரதிநிதிகளில் பெண்களும் இருந்தார்கள். பெண்களைப் பிரதிநிதிகளாக ஏற்பதா என்று ஒரு நாள் பூராவும் விவாதம் நடந்தது. ஏற்பதில்லை என்று முடிவு செய்து, அவர்களைத் தனியே ஒரு தடுப்புக்குப் பின்னால் உட்காரச் சொன்னார்கள். நீக்ரோ அடிமையை மனிதனாக மதிக்க வேண்டும் என்று பேசக் கூடிய சபை, கூடவே வந்த பெண்களைப் பேச விடவில்லை! அங்கே சந்தித்த லுக்ரீஷியா மாட், எலிசபெத் கேடி ஸ்டாண்டன் என்ற இருவரும், ஊருக்குப் போய் இதற்கென்றே ஒரு மகாநாடு கூட்டுவது என்று பேசிக்கொண்டார்கள். பிள்ளைகுட்டி வளர்ப்பு, வீட்டு வேலை எல்லாவற்றுக்கும் நடுவில் அது நடக்க எட்டு வருஷம் ஆயிற்று.

1848 ஜூலை 19, 20 தேதிகளில், நியூயார்க் மாகாணத்தில் செனெகா ஃபால்ஸ் என்ற சிற்றூரில், ஒரு தேவாலயத்தில் கூட்டம் நடந்தது. பெயரிலேயே அருவி இருக்கிறது, குற்றாலத்துக்காரர்கள் சந்தோஷப்படலாம். சுமார் முந்நூறு பேர் வந்தார்கள். ஸ்டாண்டன் அம்மாள் ஒரு பிரகடனம் வாசித்தார். அவரும் ஒலாம்ப் செய்த வேலையைத்தான் செய்திருந்தார்: 1776-ஆம் வருஷத்துச் சுதந்திரப் பிரகடனத்தை எடுத்துக்கொண்டு, ஆண்களோடு பெண்களும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள் என்று சேர்த்துவிட்டார். தீர்மானங்களில் ஒன்று பெண்ணுக்கு வாக்குரிமை கேட்டது. கூட்டத்திலேயே பலருக்கு அது பயமாக இருந்தது. அடிமையாகப் பிறந்து தப்பி வந்த பிரெடரிக் டக்ளஸ் எழுந்து ஆதரித்துப் பேசின பிறகே அது நிறைவேறிற்று. 68 பெண்களும் 32 ஆண்களும் பிரகடனத்தில் கையெழுத்துப் போட்டார்கள்.

அமெரிக்கப் பெண்களுக்கு அரசியல் சட்டப்படி வாக்குரிமை வந்தது 1920-இல். 72 வருஷம்! கையெழுத்துப் போட்டவர்களில் அப்போது உயிரோடிருந்தவர் ஒரே ஒருத்தி. உடம்பு சரியில்லாததால் அவரும் வாக்களிக்கப் போக முடியவில்லை. தென் மாகாணங்களிலிருந்த கறுப்பினப் பெண்களோ, உரிமை காகிதத்தில் இருக்க, நடைமுறையில் 1965 வரை காத்திருக்க நேர்ந்தது.

தென்காசிப் பெரிய கோவிலைக் கட்டத் தொடங்கிய பராக்கிரம பாண்டியன், இந்தக் கோவிலைப் பிற்காலத்தில் காக்கப் போகிறவர்களின் காலில் இப்போதே விழுகிறேன் என்று கல்லில் வெட்டிவைத்திருக்கிறான். தன் ஆயுளில் முடியாத காரியம் என்று தெரிந்து தொடங்குகிறவனுக்கு அப்படி ஒரு பணிவு வந்துவிடுகிறது. அவன் ஊரின் கோபுரம் சிதைந்து, நெடுங்காலம் மொட்டைக் கோபுரம் என்றே பெயர் எடுத்து, 1990-இல்தான் மறுபடி முழுசாக நின்றது. செனெகா ஃபால்ஸில் கூடிய பெண்களை நினைக்கும்போது எனக்கு அந்தக் கல்வெட்டுத்தான் நினைவுக்கு வருகிறது.

இனி இங்கிலாந்துக்குத் திரும்புவோம். 1866-இல் சுமார் 1500 பெண்கள் வாக்குரிமை கேட்டு ஒரு மனுவில் கையெழுத்திட்டார்கள். பாரிய கட்டாகிவிட்ட அந்த மனுவைக் கொண்டுபோன இரண்டு பெண்கள், பார்லிமெண்டு மண்டபத்தில் ஆப்பிள் விற்றுக்கொண்டிருந்த ஒரு கிழவியின் கடைக்கடியில் அதை மறைத்து வைத்தார்களாம். அங்கிருந்து அதை எடுத்துச் சபையில் சமர்ப்பித்தவர் ஜான் ஸ்டூவர்ட் மில். இந்த மில் நமக்கு முற்றிலும் அந்நியர் அல்ல. கிழக்கிந்தியக் கம்பெனியின் லண்டன் காரியாலயத்தில் 35 வருஷம் உத்தியோகம் பார்த்தவர். அடுத்த வருஷம், 1867-இல், வாக்குரிமை மசோதா விவாதத்துக்கு வந்தபோது மில் ஒரே ஒரு திருத்தம் கொண்டுவந்தார். 'ஆண்' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'ஆள்' என்று போடுங்கள் என்றார். வேறொன்றும் இல்லை. ஆதரவு 73, எதிர்ப்பு 196. தோற்றுப்போயிற்று.

அதற்கு மேலும் ஒரு வேடிக்கை நடந்தது. சட்டங்களில் ஆண்பாலாகச் சொல்லப்படுவது பெண்ணையும் குறிக்கும் என்று 1850-லேயே அங்கே ஒரு சட்டம் இருந்தது. அதைக் காட்டி மாஞ்செஸ்டர் பெண்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். வாக்குரிமைக்கு அது பொருந்தாது என்று 1868-இல் தீர்ப்பாயிற்று. வரி கட்டுகிற இடத்தில் பெண்ணும் ஆள். வாக்களிக்கிற இடத்தில் ஆளில்லை. கனடாவில் பெண் செனட் சபைக்கு நியமனம் பெறத்தக்க 'ஆள்'தானா என்ற வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 'ஆம், ஆள்தான்' என்று தீர்ப்பு வந்தது 1929 அக்டோபரில். தேதியைக் கவனியுங்கள். நம் தாத்தா பாட்டிகள் நடமாடிக்கொண்டிருந்த காலம்!

நியூஸிலாந்து 1893-லேயே எல்லாப் பெண்களுக்கும் வாக்குக் கொடுத்துவிட்டது. இங்கிலாந்தில் 1903-க்குப் பிறகு எம்மலின் பாங்க்ஹர்ஸ்ட் தலைமையில் பெண்கள் ஜன்னல் கண்ணாடிகளை உடைத்தார்கள், சிறைக்குப் போனார்கள், உண்ணாவிரதம் இருந்தார்கள். 1918-இல் முப்பது வயதான, ஓரளவு சொத்துத் தகுதியும் உள்ள பெண்களுக்கு மட்டும் வாக்கு வந்தது. ஆணோடு சமமாக வந்தது 1928-இல்.

இதையெல்லாம் குற்றாலத்தில் ஒரு சாரல் காலத்தில் ஒரு நண்பரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அறுபதைத் தாண்டியவர், தென்காசியில் பத்திரம் எழுதுவது தொழில். எண்ணெய் தேய்த்துக்கொண்டு பொறுமையாகக் கேட்டார். பிறகு, "அதெல்லாம் வெள்ளைக்காரன் வீட்டுச் சண்டை, தம்பி. அவன் பொம்பளையை மதிக்கல, அவுக சண்டை போட்டாக. நமக்கு என்ன? இங்கே குழல்வாய்மொழியம்மை, தென்காசியிலே உலகம்மை. நாம தெய்வமால்லா வச்சிருக்கோம்!" என்றார்.

"அண்ணாச்சி, அம்மன் பேரில் பத்திரம் எழுதியிருக்கிறீர்களா?" என்று கேட்டேன்.

"எழுதாம? சாமிக்குச் சொத்து வச்சுக்கிட பாத்தியதை உண்டுல்லா. சட்டத்திலே சாமியும் ஒரு ஆளு மாதிரிதான்" என்று சொல்லிவிட்டு, சொன்னது எங்கே போய் நிற்கிறது என்று புரிந்து சிரித்துவிட்டார்.

அவர் கட்சியில் ஒரு நியாயம் உண்டு. அதை மறைக்கக் கூடாது. இங்கிலாந்து மனைவிக்கு ஒரு கரண்டிகூடச் சொந்தமில்லாதிருந்த காலத்தில், நம் தர்ம சாஸ்திரங்கள் பெண்ணுக்கு ஸ்திரீதனம் என்று ஒன்றை ஒப்புக்கொண்டிருந்தன. கோவில் கல்வெட்டுக்களில் தங்கள் பெயரிலேயே தானம் செய்த பெண்களைக் காணலாம். ஆனால் அவர்களில் ராணிகளை விட்டுவிட்டுப் பார்த்தால், கோவிலைச் சேர்ந்த பெண்கள் கணிசமாக இருக்கிறார்கள். குடும்ப ஸ்திரீக்கு இல்லாத சில உரிமைகள் தேவதாசிக்கு இருந்தன. தகப்பன் சொத்துக்குப் பிள்ளை வருவதுபோல அவளுடைய சொத்துக்கு அவள் பெண் வருவாள். எழுதப் படிக்கவும் ஆடப் பாடவும் அவளுக்குத் தெரியும். மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயரின் குற்றாலக் குறவஞ்சி போன்ற நூல்களுக்கு ஆடல் உயிர் கொடுத்த குலம் அது. ஆனால் அதற்கு அவள் கொடுத்த விலை, தன் வாழ்க்கையைத் தானே நிச்சயிக்கும் உரிமை. ஒருத்திக்கு வீடு இருந்தது, பெயர் இல்லை. மற்றவளுக்குப் பெயர் இருந்தது, வீடு இல்லை. பழைய பெருமையைப் பேசும்போது இந்தக் கணக்கையும் சேர்த்துப் பேச வேண்டும்.

மேல் நாட்டிலிருந்து சரக்கு இங்கே வந்தது என்பதும் பாதி உண்மைதான். மேரி ஷார்லீப் என்ற ஆங்கில மாது, வக்கீலான கணவரோடு சென்னைக்கு வந்தவர். பிரசவத்தில் இந்நாட்டுப் பெண்கள் படும் பாட்டைப் பார்த்து வைத்தியம் படிக்க ஆசைப்பட்டார். 1875-இல் வேறு மூன்று பெண்களோடு அவரைச் சேர்த்துக்கொண்டது சென்னை மருத்துவக் கல்லூரி. லண்டன் சர்வகலாசாலை பெண்களுக்குப் பட்டம் தர இசைந்ததோ 1878-இல். சென்னையில் படித்துவிட்டுத்தான் அவர் லண்டனுக்குப் போய் அங்கே பட்டம் வாங்கினார். சாமான் எந்தத் திசையிலிருந்து எந்தத் திசைக்குப் போயிற்று என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது.

இன்னொரு விஷயமும் உண்டு. இந்தச் சேதியை நமக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர்கள் ஆளும் இனத்தைச் சேர்ந்தவர்கள் அல்ல. நம்மைப் போலவே அடிமைப்பட்டிருந்த அயர்லாந்தைச் சேர்ந்தவர்கள். சகோதரி நிவேதிதை அயர்லாந்தில் பிறந்தவர். அன்னி பெஸன்ட் லண்டனில் பிறந்தாலும் அயர்லாந்து வம்சம். மார்கரெட் கஸின்ஸ் அயர்லாந்தில் பாயில் என்ற ஊரில் 1878-இல் பிறந்தவர். 1908-இல் அங்கே பெண்கள் வாக்குரிமைச் சங்கம் அமைத்தவர்களில் ஒருவர். 1910-இல் லண்டன் ஹாலோவே சிறையிலும், 1913-இல் அயர்லாந்தில் டல்லமோர் சிறையிலும் இருந்தவர். 1915-இல் கணவரோடு இந்தியாவுக்கு வந்துவிட்டார்.

1917 மே 8-ஆம் தேதி சென்னை அடையாற்றில் இந்திய மாதர் சங்கம் பிறந்தது. பெஸன்ட் அம்மையார் தலைவர். கஸின்ஸும் டாரதி ஜினராஜதாஸாவும் முன்னின்று நடத்தினார்கள். அதே வருஷம் இந்தியாவுக்குச் சீர்திருத்தம் வழங்க மந்திரி மாண்டேகு நேரில் வந்தார். டிசம்பர் 18-ஆம் தேதி சென்னையில் சரோஜினி நாயுடு தலைமையில் ஒரு மாதர் தூதுகோஷ்டி அவரைச் சந்தித்தது. அவர்கள் கேட்டது என்ன? சீர்திருத்தத்தில் 'இந்திய மக்கள்' என்று எங்கெல்லாம் எழுதுகிறீர்களோ, அங்கெல்லாம் எங்களையும் மக்கள் என்று சேர்த்துக்கொள்ளுங்கள் என்பதுதான். மில் 1867-இல் கேட்டதும், ஸ்டாண்டன் 1848-இல் கேட்டதும், ஒலாம்ப் கேட்டுத் தலையைக் கொடுத்ததும் இதே ஒரு சொல்லைத்தான்.

ஸவுத்பரோ பிரபுவின் கமிட்டி, இந்நாட்டுச் சமூக நிலையில் பெண்ணுக்கு வாக்களிப்பது சாத்தியமில்லை என்று சொல்லிவிட்டது. 1919-ஆம் வருஷச் சட்டம் பொறுப்பைத் தட்டிக் கழித்து, மாகாணச் சட்டசபைகள் வேண்டுமானால் தடையை நீக்கிக்கொள்ளலாம் என்று விட்டது. சென்னைச் சட்டசபை 1921 ஏப்ரல் 1-ஆம் தேதி அதை நீக்கியது. பிரிட்டிஷ் மாகாணங்களில் அதுவே முதல். இங்கிலாந்தில் ஐம்பது அறுபது வருஷம் எடுத்த வாதம், இங்கே நான்கு வருஷத்தில் ஒரு கட்டத்தைத் தாண்டிற்று.

இந்த நான்கு வருஷத்தில் இரண்டு வருஷம் சுப்பிரமணிய பாரதி தென்காசிக்குப் பக்கத்தில் இருந்தார். 1918 டிசம்பரில் கடலூர்ச் சிறையிலிருந்து விடுதலையாகி நேரே வந்தது கடையத்துக்கு. அது மனைவி செல்லம்மாளின் ஊர். 1920 நவம்பரில் 'சுதேசமித்திர'னுக்குப் போகும் வரை பெரும்பாலும் இங்கேதான் வாசம். பெண் விடுதலையை அவர் எங்கே கற்றார் என்று கேட்டால் நிவேதிதையிடம் என்பார்கள். மனைவியை ஏன் அழைத்து வரவில்லை என்று அந்த அம்மையார் கேட்டதே அவரைத் திருப்பியது என்பது பிரசித்தமான கதை. தம் கவிதைத் தொகுதிகளை நிவேதிதைக்கே சமர்ப்பணமும் செய்தார். சிஷ்யர் பாடத்தைச் சோதித்துப் பார்த்த இடம் கடையம். அக்கிரகாரத்து வீதியில் மனைவியின் தோளில் கைபோட்டு நடந்து போவார், ஜனங்கள் வாசலுக்கு வந்து சிரிப்பார்கள் என்று அந்தப் பக்கத்தில் சொல்லுவார்கள்.

இந்தக் கதையில் எல்லோரும் பாரதியைப் பார்க்கிறார்கள். நான் அவர் பக்கத்தில் நடந்த அந்த அம்மாளை நினைத்துப் பார்க்கிறேன். ஏழு வயதில் கல்யாணம். கணவன் நாடு கடந்து, சிறை புகுந்து, பணம் இல்லாமல் திரும்பிப் பிறந்த ஊருக்கே வந்து சேர்ந்தாயிற்று. பிறந்தகத்து மனிதர்கள் இரு பக்கமும் நின்று சிரிக்க, அந்த வீதியில் நடப்பதற்கு அவருக்கு எவ்வளவு தைரியம் வேண்டியிருந்திருக்கும்! விடுதலையைப் போதிக்கிறவனுக்குப் பாட்டு இருக்கிறது. விடுதலை பெறுகிறவளுக்கு அந்த நேரத்தில் கூச்சம்தான் இருந்திருக்கும். பாரதி 1921 செப்டம்பரில் மறைந்த பிறகு, பாரதி ஆச்ரமம் என்ற பெயரில் அவர் நூல்களை வெளியிட முன்வந்தவர் செல்லம்மாள். பிறகு கணவரின் சரித்திரத்தையும் சொன்னார். கடையத்து வீதியில் சிரித்தவர்களில் ஒருவர் பெயரும் இன்றைக்குத் தெரியாது.

சட்டசபைக் கதையின் முடிவைச் சொல்லிவிடுகிறேன். 1927-இல் சென்னைச் சட்டசபையின் உதவித் தலைவராக டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தேர்ந்தெடுக்கப்பட்டார். அவருடைய தாயார் தேவதாசி குலத்தில் பிறந்தவர். பெயர் உண்டு வீடு இல்லை என்றேனே, அந்தக் குலத்துப் பெண்ணின் மகள், தேவதாசியாகப் பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்கச் சட்டசபையில் மசோதா கொண்டுவந்தார். தேவதாசிகளிலேயே பலர் அதை எதிர்த்தார்கள். அந்தக் குலத்தில் பிறந்த மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் ஊர் ஊராகப் போய் ஆதரித்துப் பேசினார். 1947-இல் சட்டம் நிறைவேறிற்று.

ஆனால் 1921-இல் வந்த வாக்கு யாருக்கு வந்தது? வரி கட்டுகிற அளவு சொத்து உள்ளவர்களுக்கு. ஆண்களுக்கும் அதே விதிதான். ஆனால் சொத்து ஆண் பெயரில் இருக்கும் நாட்டில் அந்தச் சமத்துவம் எத்தனை பெண்களை எட்டும்? 1935-ஆம் வருஷச் சட்டம் இதை உணர்ந்து வாசலை அகலப்படுத்தியது. எப்படி? எழுதப் படிக்கத் தெரிந்த பெண்களோடு, தகுதியுள்ள ஆணின் மனைவிக்கும் வாக்கு உண்டு என்று. அதாவது, அவள் ஆள் அல்ல, ஆளின் மனைவி! பிளாக்ஸ்டன் கல்லறையில் புன்னகை செய்திருப்பார்.

குடியரசு வந்து, வயது வந்த எல்லோருக்கும் வாக்கு வந்தது. 1951-52-இல் முதல் பொதுத் தேர்தல். பட்டியல் எழுத வீடு வீடாகப் போனவர்களிடம் வடநாட்டில் ஏராளமான பெண்கள் தங்கள் பெயரைச் சொல்ல மறுத்துவிட்டார்கள். இன்னாருடைய மனைவி, இன்னாருடைய அம்மா என்று மட்டுமே சொன்னார்கள். பெயரில்லாத வாக்காளர் கூடாது என்று தேர்தல் கமிஷனர் சுகுமார் சென் உறுதியாக நின்றார். சுமார் எட்டுக் கோடிப் பெண் வாக்காளரில் ஏறக்குறைய 28 லட்சம் பேரின் பதிவு நீக்கப்பட்டது. கடுமையான நடவடிக்கைதான். ஆனால் அடுத்த தேர்தலுக்குள் அவர்களில் பெரும்பாலோர் பெயர் சொல்லக் கற்றுக்கொண்டார்கள்.

சொத்து விஷயத்தில் 1956-ஆம் வருஷ வாரிசுச் சட்டம் விதவைக்கும் மகளுக்கும் முழு உரிமை தந்தது. பூர்வீகக் கூட்டுச் சொத்தில் மகளையும் மகனைப்போல் பங்காளியாக்கித் தமிழ்நாடு 1989-இல் சட்டம் செய்தது. 2005-இல் நாடு முழுவதற்கும் அது சட்டமாயிற்று.

"சட்டம் வந்தாச்சு, தம்பி. ஆனா எங்கிட்ட வாரதிலே மகள் பங்கு வாங்கிப்போற பத்திரம் கம்மி. பங்கு வேண்டாம்னு அண்ணன் தம்பிக்கு விட்டுக்கொடுக்கிற விடுதலைப் பத்திரம்தான் சாஸ்தி" என்றார் நண்பர். விடுதலைப் பத்திரம்! தன் உரிமையை விட்டுக்கொடுப்பதற்கு நம் ரிஜிஸ்தர் ஆபீஸில் வழங்கும் பெயர் அது. "பெறந்த வீட்டு வாசல் அடைஞ்சிரக் கூடாதேன்னு அந்தப் பிள்ளைக கையெழுத்துப் போட்டுட்டுப் போகுது. நானும் எழுதிக் கொடுக்கேன்" என்று சொல்லிவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

அருவியில் பெண்கள் பக்கம் தனி, ஆண்கள் பக்கம் தனி. நாங்கள் போனபோது பெண்கள் பக்கத்தில் கூட்டம் அதிகமாக இருந்தது. தண்ணீர் இரண்டு பக்கமும் ஒரே கனமாகத்தான் விழுந்துகொண்டிருந்தது.